ஆறாவது வரி

மார்ச் 4

அன்புள்ள மாமாவுக்கு,

பொட்டு உயிரோடு இருக்கிறாள். உறையைப் பிரித்ததும் நீங்கள் முதலில் தேடப்போவது இதைத்தான் என்று தெரியும். அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

ஏழு முறை போன் செய்தேன். நீங்கள் போயிருக்கும் சுரங்கப்பாதை வேலை இடத்தில் சிக்னலே கிடையாது என்று அக்கா சொன்னாள். "சிக்னல் இருந்தாலும் உன் போனை எடுக்க மாட்டார்டா. எழுதிக் குடு, படிப்பார். எழுத்துன்னா அவருக்குத் தனி மரியாதை" என்றாள். செவ்வாயும் வெள்ளியும் அங்கே காய்கறி ஏற்றிக்கொண்டு வரும் வேன்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். திரும்பி வரும்போது உங்கள் பதிலை வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் பதில் எழுதினால்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஞாயிறு காலை தண்ணீர் லாரி மோதியதில் நீங்கள் வளர்க்கும் பொட்டுவின் நுரையீரலில் கிழிசல் விழுந்துவிட்டது. ஒரு பாட்டிலுக்குள் பலூன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலூனில் ஓட்டை விழுந்தால், உள்ளே போகும் காற்று கசிந்து பாட்டிலில் தங்கிவிடும். தங்கிய காற்று பலூனை நசுக்கும். மூச்சை இழுக்க இழுக்க உள்ளே இடம் குறைந்துகொண்டே போகும். விலா எலும்புகளுக்கு இடையில் ஊசியைச் செலுத்தி அந்தக் காற்றைத்தான் வெளியே உறிஞ்சினேன். மறுநாள் மறுபடி சேர்ந்தது. குழாய் வைத்தோம். ஐந்தாம் நாள் குழாயை எடுத்தாயிற்று. இடது தொடை எலும்பு முறிந்திருக்கிறது. அதற்கு அறுவை செய்ய வேண்டும். ஆனால் அடிபட்ட நுரையீரல் தேறாமல் மயக்க மருந்து கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. எனவே முழு ஆபத்தும் தாண்டிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இனி மற்றது. அவ்வளவு பேர் முன்னால் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. எங்கள் மருத்துவமனைக் கூடத்தில் பதினைந்து பேராவது உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டாக்டர் நின்றார். "இருபது வருஷமா ஆம்புலன்ஸ் ஓட்டறீங்க. மூச்சு முட்டற உயிரோட வாய யாராவது கட்டுவாங்களா? ஒரு மனுஷனுக்கு இப்படிச் செய்வீங்களா?" என்று கேட்டேன். கேட்ட தொனி தவறு. அதற்காக வருந்துகிறேன்.

ஆனால் மாமா, கேட்ட விஷயம் தவறில்லை. மூக்கு வழியாகப் போதாதபோது நாய் வாயைத் திறந்துதான் மூச்சை வாங்கும். துணியால் அதை இறுக்கிக் கட்டியிருந்தீர்கள். அவள் நாக்கு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஐந்து நிமிடம் ஆகியிருந்தால் நான் கத்துவதற்கே வேலை இருந்திருக்காது.

உங்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? யார் சொல்லி வாயைக் கட்டினீர்கள்? எனக்கு அது மட்டும் விளங்கவில்லை.

மறுநாளே இரண்டு மாத சுரங்க டூட்டிக்கு நீங்களாகப் பெயர் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அக்கா என்னோடு பேசுகிறாள், ஆனால் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் கால்நடை மருத்துவம் படிக்கப் போனபோது வீடு முழுக்கச் சிரித்தது. "வாய் பேசாத நோயாளிக்கு டாக்டராகணும்னா ரெட்டை மூளை வேணும்" என்று சொன்ன ஒரே ஆள் நீங்கள். அந்த ஆளை நான் இழந்துவிட்டேனா என்று தெரியவில்லை. பதில் எழுதுங்கள்.

உங்கள் மைத்துனன்

*

மார்ச் 7

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் செவ்வாய் பிற்பகல் 1.20க்குக் கிடைத்தது.

நாய் உயிரோடு இருப்பது குறித்து மகிழ்ச்சி. கீழ்க்கண்டவற்றைத் தெரிவிக்கவும்: சாப்பிடுகிறதா? தானாகச் சிறுநீர் கழிக்கிறதா? அறுவை எந்தத் தேதி?

யார் சொல்லிக் கட்டினேன் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இங்கே வேலை அதிகம் இல்லை. கடந்த மூன்று நாளில் ஒரு விரல் நசுங்கல், ஒரு தலைசுற்றல். தலைசுற்றியவர் சமையற்காரர். அவர் சமைத்ததை அவரே சாப்பிட்டிருக்கிறார். இதைத் தங்கள் அக்காவிடம் சொல்லவும், சிரிப்பாள். மற்றதைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
ஆம்புலன்ஸ் ஓட்டுநர்

*

மார்ச் 11

மாமா,

"மதிப்பிற்குரிய", "தங்கள்", "தெரிவிக்கவும்". நீங்கள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். இதைவிடக் குறைவாக வலித்திருக்கும்.

முதலில் உங்கள் மூன்று கேள்விகளுக்குப் பதில். சாப்பிடுகிறாள், அக்கா ஊட்டினால் மட்டும். சிறுநீர் தானாகவே போகிறது, நிறமும் சரி. வியாழக்கிழமை அறுவை.

இப்போது இந்தக் கடிதத்தை எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அது. நேற்று மதியம் அக்கா மருத்துவமனைக்கு வந்தாள். பொட்டுவின் கூண்டுப் பக்கம் போகவில்லை. நேராக என் அறைக்கு வந்து, மேஜைமேல் ஒரு தாளை விரித்து வைத்தாள். நாலாக மடித்த தாள். ஓரத்தில் காய்ந்த ரத்தம்.

"ஞாயித்துக்கிழமை அவர் போட்டிருந்த சட்டை. தோய்க்க எடுத்தேன், பையில இருந்துச்சு. படிச்சுப் பாரு" என்றாள்.

"இது நம்ம ஆஸ்பத்திரித் தாள்தானே?"

"உன் தாள்டா. ஆறாவது வரியப் படி. சத்தமாப் படி."

படித்தேன். "அடிபட்ட நாய் வலியில் கடிக்கும். தொடுவதற்கு முன் துணியால் வாயைக் கட்டவும்."

அதற்குமேல் ஒன்றும் இல்லை. மூச்சுத் திணறும் நாயைக் கட்டாதே, வாந்தி எடுப்பதைக் கட்டாதே, நினைவில்லாமல் கிடப்பதைக் கட்டாதே என்று ஒரு சொல் இல்லை. நான் எழுதும்போது இருந்தது, மாமா. அடிபட்ட நாய்க்கு முதலுதவி என்று ஒன்பது வரி எழுதினேன். எழுத்து பெரிதாக இருந்தால்தான் வண்டியில் ஒட்டினால் தெரியும், ஒரு வரியைக் குறையுங்கள் என்று அச்சகத்தில் சொன்னார்கள். எதைக் குறைக்கலாம் என்று பார்த்தேன். மூச்சு முட்டுகிற உயிரின் வாயை எவன் கட்டுவான், இதைச் சொல்லவும் வேண்டுமா என்று அந்த வரியை அடித்தேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

சாலையில் அடிபட்ட நாயை முதலில் பார்ப்பவர்கள் ஓட்டுநர்கள்தான், அவர்களிடம் இது இருக்க வேண்டும் என்று அந்தத் தாளைக் கொண்டுபோய் முப்பத்திரண்டு வண்டிகளில் உங்கள் கையால் ஒட்டினீர்கள். "என் மச்சான் எழுதினது" என்று ஒவ்வொரு வண்டியிலும் சொல்லிச் சொல்லி ஒட்டினீர்களாம். இதையும் அக்காதான் சொன்னாள்.

அன்று நான் கத்தி முடித்ததும் நீங்கள் கையில் இருந்த எதையோ மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். உங்கள் வேன் சாவி என்று நினைத்தேன். அந்தத் தாளை என் முகத்துக்கு நேரே விரித்திருந்தால் ஒரு நொடியில் என் வாய் அடைபட்டிருக்கும். ஏன் மாமா விரிக்கவில்லை? "பதில் இல்லை" என்று ஏன் எழுதினீர்கள்?

என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாததால் கேட்காமல் முடிக்கிறேன்.

உங்கள் மைத்துனன்

*

மார்ச் 14

மாப்பிள்ளை,

உன் அக்காவிடம் எதையும் ஒளித்து வைக்க முடியாது. சட்டையை நானே தோய்த்துப் போட்டிருக்க வேண்டும்.

ஏன் விரிக்கவில்லை என்று கேட்கிறாய். நான் வண்டி ஓட்டும்போது பின்னால் நோயாளியோடு உட்கார்ந்திருப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். சீக்கிரம் போ, மெதுவாகப் போ, ஏன் இந்தத் தெருவில் திரும்பினாய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் சொல்வது ஒன்றுதான். "இறங்கினப்புறம் எவ்வளவு வேணாலும் திட்டுங்க. கையில ஸ்டியரிங் இருக்கறவரைக்கும் வேண்டாம்." அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டியரிங் உன் கையில் இருந்தது. பொட்டுவின் நெஞ்சில் ஊசி நுழையப் போகிற நேரம். தப்பு உன்னுடையது என்று அப்போது காட்டினால் உன் கை ஆடும். ஆடியிருந்தால் நாய் போயிருக்கும். அதனால் மடித்து வைத்தேன். இதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, தொழில் பழக்கம்.

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றால், அப்புறம் கோபம் வந்துவிட்டது. கோபம் இல்லை என்று எழுதினால் பொய். பக்கத்தில் உன் பெரிய டாக்டர், பின்னால் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா. அந்தப் பூனைகூட என்னைத்தான் பார்த்தது.

ஆனால் கோபம் முழுக்க உன்மேல் என்று நினைக்காதே. "ஒரு மனுஷனுக்கு இப்படிச் செய்வீங்களா" என்று கேட்டாய் பார், அதுதான் உறைத்தது. செய்ய மாட்டேன். மூச்சுக்குத் தவிக்கிறவன் முகத்தருகே யாராவது கைக்குட்டையைக் கொண்டுவந்தாலே தட்டிவிடுகிற ஆள் நான். பொட்டு வாயைப் பிளந்து இழுத்துக்கொண்டு கிடந்தாள். கட்டாதே என்று என் கண் சொன்னது. துணியை எடுத்த கை ஒருமுறை நின்றது, சத்தியமாக. என் வேன் கதவில் உன் தாள். அதைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன். ஆறாவது வரி. எழுதியவன் என் மாப்பிள்ளை, ஐந்து வருஷம் படித்துவிட்டு எழுதியிருக்கிறான், மனுஷன் வேறு நாய் வேறாக இருக்கும் என்று கட்டிவிட்டேன். இருபது வருஷத்தில் பழகிய கண்ணைவிட உன் எழுத்தை நம்பினேன். அந்தத் தப்பு என்னுடையது. அதை நீ எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று. நான் உடனே போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். போகவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அரை மணி நேரம் நின்றேன். நீ துணியை வெட்டியது, ஒருத்தி ஆக்சிஜன் குழாயை மூக்கருகே பிடித்தது, இன்னொருத்தி முன்காலில் மயிரை மழித்து ஊசி ஏற்றியது எல்லாம் பார்த்தேன். ஒருவர் கையில் ஒருவர் கை இடிக்கவில்லை. நீ விலாவை எண்ணினாய், விரலால் மெதுவாக, இறங்க வேண்டிய படியை இருட்டில் தேடுகிறவன் மாதிரி. காற்று சிரிஞ்சில் வந்ததும் பொட்டுவின் வயிறு ஏறி இறங்குவது அங்கிருந்தே தெரிந்தது. பெரிய பெரிய ஆஸ்பத்திரி வாசலில் எவ்வளவோ டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு அமைதியான கையைப் பார்த்ததில்லை. ஐந்து நிமிடம் முன்னால் கத்திய ஆள் இவன்தானா என்று இருந்தது. கோபத்தோடும் பெருமையோடும் ஒரே நேரத்தில் நிற்பது கஷ்டம் மாப்பிள்ளை, கால் வலிக்கும்.

என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. அந்தத் தாள் இன்னும் முப்பத்தொரு வண்டியில் ஒட்டியிருக்கிறது. இன்று ஒருவன் அதைப் படித்து ஒரு நாயின் வாயைக் கட்டலாம். எனக்கு இருந்த மாதிரி அவனுக்குப் பதினொரு நிமிட தூரத்தில் நீ இருக்க மாட்டாய். முதலில் அதைக் கிழி.

மாமா

*

மார்ச் 25

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். தாளை மேஜைமேல் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

"அன்னிக்கு நீங்க சத்தம் போட்டது இவரைத்தானே?"

"ஆமா சார். என் அக்கா வீட்டுக்காரர்."

"அவர் ஒரு வார்த்தை பேசலயே. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"பேசல சார்."

தாளை மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு, "கூடத்துல சத்தம் போட்டீங்க. இதையும் கூடத்துலயே சொல்லிடுங்க. இந்த ரூமுக்குள்ள சொன்னா பாதிக் கணக்குதான்" என்றார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, காத்திருந்தவர்கள், எங்கள் ஆட்கள் எல்லார் முன்னாலும் நின்று சொன்னேன். நீங்கள் எழுதியிருந்தீர்களே, பூனைக் கூடை அம்மா, அவர் அன்றும் வந்திருந்தார். கிளம்பும்போது என்னிடம், "அந்த ஐயாகிட்டயும் சொல்லிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு தாள் வேட்டை. மூன்று வண்டி வெளியூர் போயிருந்தது, ஒன்று பட்டறையில் கிடந்தது. ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் கிழிக்கவே விடவில்லை. "உங்க மாமா ஒட்டிட்டுப் போனது. அவர் சொல்லட்டும்" என்றார். அரை மணி நேரம் மன்றாடினேன். பதினொரு நாளில் முப்பத்தொன்றும் கைக்கு வந்துவிட்டது. யாராவது கட்டினீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருவர் கட்டியிருக்கிறார், கால் முறிந்த நாய், மூச்சு நன்றாக இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. அதைக் கேட்டபின்தான் அன்று சாப்பிட்டேன்.

பொட்டுவுக்குத் தொடையில் தகடு வைத்தாயிற்று. மயக்கத்தில் இருந்த ஒன்றரை மணி நேரமும் அவள் மூச்சைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், எலும்பு மருத்துவர் எலும்பைப் பார்த்துக்கொண்டார். இப்போது மூன்று காலில் நிற்கிறாள். நாலாவது காலைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, சுடுகிற மாதிரி எடுத்துக்கொள்கிறாள். நேற்று கூண்டுக்குள்ளிருந்து சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். செவிலியர்கள் கைதட்டினார்கள்.

புதுத் தாள் எழுதியிருக்கிறேன், இதோடு வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் நீங்கள் பார்க்க வேண்டும். மரியாதைக்காகக் கேட்கவில்லை. பழையதை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினேன். சாலையில் குனிந்து நிற்பவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று எனக்குத் தெரியாது என்பதுதான் இந்த ஒரு மாதத்தில் நான் கற்றது.

மைத்துனன்

*

மார்ச் 28

மாப்பிள்ளை,

கூடத்தில் நின்று சொன்னாய் என்று படித்தேன். இரண்டு தரம் படித்தேன். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. இதற்குமேல் இதைப்பற்றி எழுதினால் எனக்கு எழுத்து கோணும். விடு.

தாளுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே, சிவப்புப் பேனா கிடைத்தது.

"முதலில் சற்றுத் தள்ளி நின்று மூச்சைக் கவனியுங்கள்" என்று ஆரம்பித்திருக்கிறாய். நல்லது. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. வண்டியை ஓரம் கட்டு, விளக்கைப் போடு. இல்லாவிட்டால் நாயைப் பார்க்கக் குனிந்தவனையும் சேர்த்து அடுத்த வண்டி தூக்கிவிடும். உனக்கு நாய் மேஜைமேல் வருகிறது, எங்களுக்கு நடுச்சாலையில் கிடக்கிறது.

"ஈறு வெளுத்திருக்கிறதா பாருங்கள், விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்." இங்கே சுற்றுகிற நாயிடம் போய்ப் பார்த்தேன். பழுப்பன் என்று பெயர், தொழிலாளிகள் சோறு போட்டு வளர்ப்பது. உதட்டைத் தூக்கினால் ஈறு கரிச்சட்டி மாதிரி கறுப்பு. எதை வெளுத்தது என்பது? கறுப்பு ஈறு உள்ள நாய்க்கு எங்கே பார்ப்பது, அதை எழுது. கீழ் இமையை இழுத்தால் உள்ளே சிவப்பாகத் தெரிந்தது, அது சரியா?

"அதிர்ச்சி நிலை" என்று போட்டிருக்கிறாய். படிக்கிற ஓட்டுநர், நாய் பயந்துவிட்டது என்று நினைத்துத் தடவிக் கொடுப்பான். உடம்பு சில்லிட்டு, துடிப்பு நூல் மாதிரி ஓடினால் ரத்தம் போதவில்லை என்று நேராகச் சொல்.

"பலகையில் தூக்கவும்." எந்த வண்டியில் பலகை இருக்கிறது? காலுக்குக் கீழே போடும் ரப்பர் விரிப்பு எல்லா வண்டியிலும் இருக்கிறது. பக்கத்தில் விரித்து, நாயை அப்படியே வழுக்கி ஏற்றி, இரண்டு பேர் நாலு மூலையைப் பிடித்தால் முதுகு வளையாது.

"விரைந்து கொண்டுவாருங்கள்." விரைந்து என்றால் ஆக்சிலேட்டர் என்று புரிந்துகொள்வார்கள். நீ பிரேக்கை ஒருமுறை மிதித்தால் பின்னால் கிடக்கிற உயிர் ஒருமுறை மோதுகிறது. "ஆட்டாமல் கொண்டுவாருங்கள்" என்று எழுது.

தண்ணீர், சோறு, மனுஷ மாத்திரை கொடுக்காதே என்று எழுதியிருப்பது மிகச் சரி. ரத்தம் வருகிற இடத்தைத் துடைக்காமல் அழுத்திப் பிடி என்பதும் சரி. இதெல்லாம் எங்கள் தொழிலிலும் உண்டு.

இனி வாய். கடைசி வரியில் போட்டிருக்கிறாய், அதுவும் நாலு நிபந்தனையோடு. மேலே கொண்டுவா. "மூச்சுத் திணறினால், வாந்தி வந்தால், நினைவில்லாவிட்டால் வாயைக் கட்டவே கூடாது. சந்தேகம் இருந்தாலும் கூடாது." அவ்வளவுதான். கடிக்குப் பயந்தால் என்ன செய்வது என்றும் ஒரு வரி வேண்டும், வெறும் கூடாதைச் சொல்லிவிட்டுப் போனால் எவனும் கிட்டவே போக மாட்டான்.

மொத்தம் எத்தனை வரி வருகிறதோ வரட்டும். எழுத்து சின்னதாகிறது என்று அச்சகத்தில் சொன்னால், தாளைப் பெரிதாக்கச் சொல்.

மாமா

*

ஏப்ரல் 8

அன்புள்ள மாமாவுக்கு,

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு என் போனில் உங்கள் பெயர் வந்தது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு. வெளியே ஓடிவந்து, "மாமா" என்றேன். "மேஜையக் காலி பண்ணு, ஒரு மணி நேரத்துல வர்றேன். நெஞ்சு இல்ல, வயிறு" என்றீர்கள். வைத்துவிட்டீர்கள். இதைவிட இனிமையாக யாரும் என்னிடம் போனில் பேசியதில்லை.

காய்கறி வேன் வந்து நின்றதும் நீங்கள் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "ஆண். நாலு வயசு இருக்கும். டிப்பர் பின்பக்கமா வந்து இடிச்சுது, பத்து நாப்பதுக்கு. மூச்சு அப்ப முப்பது, இப்ப அம்பது. தொடை நாடி முதல்ல நல்லாத் தெரிஞ்சுது, அரை மணியா மெலிஞ்சுட்டு வருது. கீழ் இமை வெளுப்பு. வயிறு கொஞ்சம் பெருத்திருக்கு. தண்ணி குடுக்கல. வாயக் கட்டல." மூச்சு வாங்காமல் சொல்லிவிட்டு நகர்ந்து நின்றீர்கள். எங்களிடம் பயிற்சிக்கு வரும் மருத்துவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள் என்று மூன்று வருடமாகக் கெஞ்சுகிறேன். பெரிய டாக்டர் என் காதில், "யாருய்யா இவர், எந்தக் கல்லூரி?" என்றார்.

உங்கள் வலது கையில் சுற்றியிருந்த துண்டை நான் பார்த்தது அதற்குப் பிறகுதான். ரப்பர் விரிப்பில் வழுக்கி ஏற்றும்போது கடித்ததாம், துண்டைச் சுருட்டிக் கழுத்தைச் சுற்றி வைத்தும் எட்டிக் கடித்துவிட்டதாம். வேன்காரர் சொன்னார். வழியெல்லாம் அந்தக் கையாலேயே அதன் தொடை நாடியைப் பிடித்துக்கொண்டு வந்தீர்களாம். சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவினேன் என்றீர்கள். தடுப்பூசி முதல் தவணை இங்கேயே பக்கத்து ஆஸ்பத்திரியில் போட்டாயிற்று. மற்றத் தவணைகளின் தேதியைத் தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன். ஒன்றைத் தவறவிட்டாலும் அக்காவிடம் சொல்வேன்.

வேனோடு நீங்கள் திரும்பிப் போக வேண்டியிருந்தது. நான் அப்போது பழுப்பனின் வயிற்றைத் திறந்துகொண்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே நீங்கள் நிற்பது தெரிந்தது, கையசைக்க முடியவில்லை.

மாமா, பழுப்பன் பிழைக்கவில்லை.

மண்ணீரல் இரண்டாகப் பிளந்திருந்தது. ரத்தக் குழாய்களைக் கட்டி அதை எடுத்தோம். எங்கள் நாய்களில் ஒன்றிடமிருந்து ரத்தம் எடுத்து ஏற்றினோம். கல்லீரலிலும் கிழிசல் இருந்தது, அதை நிறுத்த முடியவில்லை. நாலு மணிக்கு இதயம் நின்றது. விலாவை அழுத்தி, மூச்சுக் குழாய் வழியே காற்றுக் கொடுத்து, இருபது நிமிடம் முயன்றோம். ஒருமுறை துடிப்பு திரும்பியது. மறுபடி நின்றுவிட்டது.

இதை எப்படி எழுதுவது என்று நாலு நாள் யோசித்தேன். ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்ல முடியும். அது டிப்பரால் இறந்தது. நம் இருவர் கையாலும் இல்லை. மூன்று மணி நேரப் பயணத்தில் அதற்குச் செய்யக்கூடிய எல்லாம் செய்யப்பட்டிருந்தது, செய்யக் கூடாத ஒன்றுகூடச் செய்யப்படவில்லை. என் வாழ்நாளில் இப்படிப் பார்த்துக்கொள்ளப்பட்டு மேஜைக்கு வந்த நாய்கள் பத்துக்கூட இருக்காது. அங்கே அதற்குச் சோறு போட்டவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

புதுத் தாள் அச்சாகிவிட்டது. பத்துப் பிரதி வைத்திருக்கிறேன்.

மைத்துனன்

*

ஏப்ரல் 11

மாப்பிள்ளை,

கடிதம் வந்தபோது சாப்பாட்டு நேரம். எல்லாரும் ஒரே கூடாரத்தில் இருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் நீ எழுதியதை அப்படியே வாசித்தேன். கல்லீரல் வரைக்கும் வாசித்தேன். டிப்பர் ஓட்டிய ஆள் தட்டை வைத்துவிட்டு வெளியே போனான். பின்னாலேயே போய்க் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். கத்த எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தால் ஒரே பேச்சு. வெல்டர் ஒருவன் கேட்டான், "அண்ணே, வாயக் கட்டியிருந்தா உங்களுக்குக் கடி விழுந்திருக்காதுல்ல?"

"விழுந்திருக்காது. ரத்தம் கொறஞ்சு மூச்சு வாங்கிட்டிருந்துச்சு, வாந்தி வேற. கட்டியிருந்தா பாதி வழியிலயே முடிஞ்சிருக்கும்" என்றேன்.

"எப்படியும் செத்துப்போச்சே அண்ணே."

நான் பதில் சொல்லுமுன் சமையற்காரர் கரண்டியோடு எழுந்துவிட்டார். "டேய், அது நம்மள விட்டுட்டு ரோட்டுல சாகல. டாக்டர் கையில, நாலு பேர் பார்க்கச் செத்துச்சு. உனக்கும் எனக்கும் அது கெடைக்குமான்னு பாரு." அவர் சமையலைப்பற்றி நான் எழுதியதை எல்லாம் திரும்பப் பெறுகிறேன்.

புதுத் தாளை ஆம்புலன்ஸில் ஒட்டினேன். ஜீப்பிலும் டிப்பர்கள் ஐந்திலும் ஒட்டினேன். டிப்பர்காரன் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டான், ஒன்று வீட்டுக்காம். ஒட்டும்போது என் மச்சான் எழுதியது என்று இந்தத் தடவை சொல்லவில்லை. "நானும் என் மச்சானும் எழுதினது. ஆனா ஒண்ணு, தாள் ஒண்ணு சொல்லி உங்க கண்ணு வேற சொன்னா, கண்ணை நம்புங்க. அப்புறம் வந்து எங்களைத் திட்டுங்க" என்று சொல்லி ஒட்டினேன். சரிதானே?

ஒட்டி முடித்ததும் செய்து காட்டச் சொல்லிவிட்டார்கள். தொடை நாடி எங்கே, கழுத்தைச் சுற்றித் துண்டு எப்படி, விரிப்பில் எப்படி வழுக்குவது என்று. சிமெண்ட் மூட்டையை வைத்துக் காட்டினேன். மூட்டைக்குக் கால் எங்கே, கீழ் இமை எங்கே என்று கலாட்டா. வேலை இடத்தில் இப்போது நாயும் இல்லை. முப்பது பேர் சுற்றி நின்று, "அண்ணே, எதை வச்சுக் காட்டப் போறீங்க?" என்று கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை என் மச்சான் வருவான், டாக்டர், நல்ல உயரம், அவனை விரிப்பில் படுக்கப்போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் சம்மதம். பேசுவது நான், படுத்துக் கிடப்பது நீ. நடுவில் எழுந்து திருத்தக் கூடாது.

வேன் காலை ஆறு மணிக்குப் புறப்படும். பழைய சட்டை போட்டுக்கொண்டு வா.

மாமா